பந்தக்கால் நட்ட ஓட்டல்

ரேணுகாம்பாளுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். ஓட்டல் திறந்த அன்று அவள் காலி அண்டாவை அடுப்படியில் இறக்கிய சத்தம், முன்கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த நாதஸ்வர கேசட்டையும் மீறிக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் இறக்கினாள்.

பின்னே என்ன? அந்தக் கூடத்தில் மாவிலை எந்தப் பக்கம் தொங்க வேண்டும் என்பதுவரை சொன்னவள் அவள். இப்போது அந்தக் கூடத்துக்குள் வராதே என்கிறான் கூடப் பிறந்த தம்பி.

தம்பி தருமன் தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். ஆடுகிற பெஞ்சுகள், சுவரில் உரக் கம்பெனி காலண்டர், கை கழுவும் இடத்தில் எந்நேரமும் சேறு. ஆனால் ருசியில் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் அடுப்பு ரேணுகாம்பாள் கையில் இருந்தது. கல்யாணமான நாலாம் வருஷம் புருஷனை மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்துவிட்டு கீழ்பென்னாத்தூரில் அப்பா அப்பாசாமி வீட்டுக்குத் திரும்பியவள், அங்கிருந்து தம்பி கடைக்குச் சமைக்க வந்தாள். வந்தவளுக்கு அந்த அடுப்படியிலேயே நாற்பது வயசு தாண்டிவிட்டது.

கடையை மாற்றுகிற யோசனை அவளுக்கு வந்ததே ஒரு வயிற்றெரிச்சலில்தான். முகூர்த்த நாட்களில் பெரிய கோயிலில் வரிசையாகத் தாலி கட்டுவார்கள். மண்டபம் பிடிக்க வழியில்லாத ஜனங்கள், மாலையும் கழுத்துமாக இந்த மாதிரிக் கடைகளுக்குத்தான் விருந்துக்கு வருவார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆவணியில் அப்படி ஒரு பெண் வந்தது. ஈர பெஞ்சில் கூரைப்புடவை படாமல் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் கல்யாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டது. பக்கத்தில் ஒரு ஆள் பீடி பற்றவைத்தான். கரண்டியோடு நின்ற ரேணுகாம்பாளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"தருமா, இந்தக் கடையையே கல்யாண வீடா பண்ணிடலாம்டா. எவன் உள்ள நுழைஞ்சாலும், கல்யாணத்துக்கு வந்துட்டோம்னு இருக்கணும்" என்றாள் அன்றைக்கே.

தருமன் சிரித்தான். கொஞ்ச நாள் கழித்து, சிரிக்காமல் வந்து, "அது இன்னாக்கா சொன்ன?" என்று கேட்டான்.

அப்புறம் தை பிறக்கும்வரை அவளுக்குச் சரியான தூக்கமில்லை. மேலே தகரம் தெரியாதபடி வெள்ளைத் துணியில் விதானம் கட்டச் சொன்னாள். ஓரம் முழுக்கக் குருத்தோலையில் கிளி முடைந்து தொங்கவிட்டாள். தூண்களுக்குச் சுண்ணாம்பும் செம்மண்ணும் பட்டை பட்டையாக அடித்தார்கள். வாசலுக்குக் குலை தள்ளிய வாழை, வாடினால் மாற்றுவதற்கு வேங்கிக்காலில் ஒரு தோப்புக்காரரிடம் பேசி வைத்தாள். கூடத்தின் கோடியில் மணவறை, அதன் இரண்டு பக்கமும் கோலம் எழுதிய பானைகள் அடுக்கடுக்காக. கோயிலிலிருந்து வரும் ஜோடி அங்கே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். தரையில் நீளமாகப் பந்திப்பாய், முட்டி மடங்காதவர்களுக்கு ஓரமாக பெஞ்சு. சர்வர்கள் யாரையும் சார் என்று கூப்பிடக் கூடாது, ஆளைப் பார்த்து மாமா, அத்தை, சித்தப்பா, மச்சான் என்றுதான் கூப்பிட வேண்டும். "இன்னொரு கரண்டி போட்டுக்குங்க மாமா, பொண்ணு வீட்டுல கம்மியா போட்டாங்கன்னு போய் சொல்லிடாதீங்க" என்று வம்படியாக ஊற்றத் தெரியாதவனுக்கு அங்கே வேலை இல்லை.

சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரில் பாதியை இடித்து சிமெண்ட் ஜாலி வைக்கச் சொன்னாள். எதுக்கு என்று கொத்தனார் கேட்டார்.

"கல்யாண வீட்டுல கண்ணுக்கு முந்தி மூக்குக்குத்தான் சேதி தெரியும். சாம்பார் கொதிக்கிற வாசனை கூடத்துக்குப் போவணும்" என்றாள். கொத்தனார் அப்படியே வைத்தார். தன் கூடத்தைத் தானே அந்த ஓட்டைகள் வழியாகத்தான் பார்க்கப்போகிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பந்தக்கால் மட்டும் தருமனின் சொந்த யோசனை. அவளைக் கேட்டிருந்தால் ஒரு கம்புக்குச் சாயம் அடித்து, மாவிலை கட்டி நிறுத்தியிருப்பாள். தருமனுக்கு அது போதவில்லை. "செய்யறதை முறையா செய்யணும், அப்பதான் பலிக்கும்" என்று அய்யரைக் கூட்டிவந்தான். வாசலின் ஈசானிய மூலையில் குழி தோண்டி, நவதானியம் முடிந்த மஞ்சள் துணியைக் கம்பில் கட்டி, ஐந்து சுமங்கலிகள் பால் ஊற்ற, நிஜக் கல்யாணத்துக்கு நடுவதுபோலவே நட்டார்கள். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா ஆதிமூலம் மட்டும் தாடையைச் சொறிந்தார். "ஏன்டா, பந்தக்கால் நட்டா கல்யாணம் முடிஞ்சு எடுக்கணுமே. இதை எப்படா எடுப்ப?"

"எடுக்கவே மாட்டேன் சித்தப்பா. நம்ம கடைல தினமும் கல்யாணம்தான்" என்றான் தருமன். எல்லோரும் சிரித்தார்கள்.

பால் ஊற்றும்போது ஒரு எட்டு பார்க்கலாமென்று ரேணுகாம்பாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தருமன் குறுக்கே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நீ உள்ளயே இரு. பந்தக்கால் நட்டாச்சு. இனிமே இது கல்யாண வீடு."

"யாருக்குடா கல்யாணம்?"

"இன்னாக்கா நீ?"

"தெரியாமத்தான் கேக்குறேன். பொண்ணு எங்க? மாப்பிள்ளை எங்க?"

"ஜனங்க ஒரு மாதிரி நினைக்கும்கா. நீயே யோசிச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டு, சந்தனக் கிண்ணத்தைத் தன் பெண்டாட்டி சந்திரம்மாள் கையில் கொடுத்து வாசலில் நிறுத்தினான்.

அந்தக் கிண்ணத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தவள் ரேணுகாம்பாள். அவள் உள்ளே போய் அண்டாவை இறக்கியது அப்போதுதான். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நிஜக் கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் நின்று பழகியவள்தான், அதை விதியென்று விழுங்கியும் இருக்கிறாள். ஆனால் இது அவளே துணியும் ஓலையும் வைத்துச் செய்த கல்யாணம். இதிலிருந்துமா ஒருத்தியைத் துரத்துவார்கள்?

முதல் பந்தியில் அப்பாசாமிக்கு மணவறைக்கு எதிரே இலை போட்டார்கள். கிழவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ரேணு எங்க?" என்றார். சர்வர் ஒருத்தன் சமையல்கட்டைக் கைகாட்டினான். இலையை எடுத்துக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்கு வந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நைனா, அங்க போய் சாப்பிடுங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். பொண்ணு பண்ண கல்யாணத்துல பொண்ணு கையால சாப்பிடறேன், போடும்மா" என்றார் அவர். அன்றைக்கு அவளுக்கு நல்லதாக நடந்தது அது ஒன்றுதான்.

ஓட்டல் பிய்த்துக்கொண்டு ஓடியது. முகூர்த்த நாளில் ஜோடிகள் மணவறைக்காகச் சந்துவரை நின்றார்கள். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள்கூடப் பந்திப்பாயில் உட்கார்ந்து, சர்வர் 'மச்சான்' என்றதற்கு 'மச்சான்' என்று திருப்பிச் சொன்னார்கள். வேலூரிலிருந்து ஒரு முதலாளி வந்து வாயைப் பிளந்தார். "யார் சார் இந்த டெக்கரேஷன் பண்ணது? மெட்ராஸ் ஆளா?"

"எல்லாம் நம்ம மண்டைல உதிச்சதுதாங்க" என்றான் தருமன்.

ஜாலிக்குப் பின்னால் நின்று ரேணுகாம்பாள் அதைக் கேட்டாள். ஒரு தடவை மணவறைத் தோரணம் அவிழ்ந்து பானைமேல் தொங்கியது. மனசு பொறுக்காமல் ஓடிப்போய்க் கட்டினாள். தருமன் கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். வாடிக்கையாளர்கள் பக்கம் சிரித்த முகமாக, பல்லிடுக்கில், "எத்தினி வாட்டி சொல்றது? உள்ள போ" என்றான். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள்.

மறு ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். கூடம் நிரம்பியிருந்தது, மணவறையில் ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. ரேணுகாம்பாள் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். தருமன் கொல்லைப்பக்கக் கதவு வழியாக உள்ளே வந்தான். அவன் பின்னால் ஊரில் பக்கத்துக் கழனிக்காரன் தசரதன், வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"அக்கா, சத்தம் போட மாட்டேன்னு முதல்ல சொல்லு" என்றான் தருமன்.

அவள் தசரதனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "காலைல மல்லாட்டை புடுங்கக் கழனிக்குப் போனாருக்கா. வரப்புல உக்காந்தாரு. எழுந்திருக்கவே இல்ல."

"நைனா..." என்று அவள் வாயைத் திறந்தாள். தருமன் கையால் பொத்தினான். சந்தன வாசனை அடிக்கிற கை.

"அக்கா, அக்கா, வேணாம். கூடத்துல பொண்ணு மாப்பிள்ளை உக்காந்திருக்காங்க. கல்யாண வீட்டுல எழவு சேதி காதுல விழக் கூடாது. நீ தசரதனோட பஸ்ல முன்னாடி போ. நான் பந்தியை முடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் அவன் கையைப் பிடுங்கி எறிந்தாள். கரண்டியைப் பாயசத்திலேயே விட்டுவிட்டுக் கொல்லை வழியாக இறங்கி நடந்தாள். சந்து திரும்பும்வரை நாதஸ்வர கேசட் அவளைத் துரத்திக்கொண்டே வந்தது. கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாய்விட்டுக் கத்தினாள். பஸ்ஸில் இருந்த முன்பின் தெரியாதவர்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்ற அப்பனுக்கு அழ அவளுக்குக் கிடைத்த இடம் அந்த பஸ்தான்.

தருமன் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கிவிட்டது. குளிப்பாட்டி, பாடை கட்டி, எல்லோரும் அவனுக்காகக் காத்திருந்தார்கள். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈர வேட்டியோடு வந்தான். கொள்ளிச்சட்டியைத் தூக்கக் குனிந்தபோது ரேணுகாம்பாள் வாசலுக்கு வந்து முன்னால் நின்றாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் நடுங்கவே இல்லை.

"சட்டியைத் தொடாத. சித்தப்பா, இங்க வாங்க. பந்தக்கால் நட்ட வீட்டுக்காரன் எழவுக்கு வரலாமா?"

ஆதிமூலம் பட்டென்று, "எப்படிம்மா வரலாம்? பந்தக்கால் எடுக்கிற வரைக்கும் எழவு வீட்டுப் பக்கமே திரும்பக் கூடாது" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. "அடப்பாவி, அன்னைக்கே கேட்டேனேடா" என்று தலையில் கை வைத்தார்.

மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"இவன் கடை வாசல்ல பந்தக்கால் இன்னும் நிக்குது. அய்யர் வந்து, பால் ஊத்தி நட்டது. கல்யாண வீடு, கல்யாண வீடுன்னு சொல்லி என்னை அடுப்படியைத் தாண்ட விடல. இன்னைக்கு நைனா செத்த சேதி கேட்டு அழப் போனேன், கல்யாண வீடுன்னு என் வாயைப் பொத்தினான். அது கல்யாண வீடுன்னா இவன் கொள்ளி வைக்கக் கூடாது. யாராச்சும் பங்காளி வந்து எடுங்க."

"அக்கா, நைனா காத்துக்கிட்டு இருக்காரு. சண்டை போட இதுவா நேரம்?"

"மத்தியானத்துலருந்து காத்துக்கிட்டுத்தான்டா இருக்காரு. நீ பாயசம் ஊத்திட்டு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காரு."

கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தருமன் ஆதிமூலத்தைப் பார்த்தான், அவர் வேறு பக்கம் பார்த்தார். பங்காளி ஒருத்தர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னால் வரவே ஆரம்பித்துவிட்டார். ஒரே மகன் இருக்க இன்னொருத்தன் கொள்ளி வைத்தான் என்றால், ஊரில் அவன் தலை காட்ட முடியுமா?

"அது ஓட்டல்கா. வியாபாரத்துக்காக வெச்சது" என்றான்.

"எதை வெச்ச?"

"பந்தக்காலு, மணவறை... எல்லாம் ஜோடனைக்கா."

"இவங்க காதுல விழல."

"வெறும் ஜோடனை! போதுமா? கல்யாணமும் இல்ல, ஒரு எழவும் இல்ல. வெறும் ஜோடனை!" என்று கத்திவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்து தருமன் அழுதான்.

அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று ஒரு நிமிஷம் காத்துக்கூடப் பார்த்தாள். பிறகு நகர்ந்து வழிவிட்டாள், அதுவும் அப்பாவை வெயில் சாய்ந்த பிறகும் காக்கவைக்கக் கூடாது என்பதற்காக.

கருமாதி முடிந்து ஓட்டல் திறந்த அன்றும் முகூர்த்த நாள்தான். ரேணுகாம்பாள் விடிந்ததும் சமையலை முடித்து, பாயசத்தை மட்டும் சின்னத் தணலில் விட்டாள். குளித்து, வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொண்டு நின்றால் ஒளிந்துகொண்டு நின்ற மாதிரி ஆகிவிடும். நேராகக் கூடத்துக்குள் நடந்து வாசலுக்கு வந்து, சந்திரம்மாளிடம் கையை நீட்டினாள்.

சந்திரம்மாள் ஒரு கணம் புருஷன் இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள். "வாங்கிக்குங்க அண்ணி. நின்னு நின்னு எனக்குக் கால் விட்டுப்போச்சு."

தருமன் கல்லாவிலிருந்து ஓடி வந்தான். மொட்டைத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தான்.

"அக்கா, இன்னா இது?"

"ஜோடனைக்குச் சந்தனம் குடுக்குறேன்."

"அன்னைக்கு ஏதோ ஆத்திரத்துல சொன்னேன். வர்றவங்களுக்கு இது கல்யாண வீடுதானேக்கா? கோயில்லருந்து ஜோடி வர்ற நேரம். குடு அதை."

ரேணுகாம்பாள் கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையால் அவன் தலைத்துண்டை உருவினாள். மழமழவென்று சிரைத்த தலை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. சந்தில் போன ரெண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

"சரி, கல்யாண வீடுன்னே வெச்சுக்குவோம். அப்பனைச் சாகக் குடுத்து மொட்டை அடிச்சவன், தலைதிவசம் ஆகாம கல்யாண வீட்டு வாசல்ல நிக்கலாமாடா? நான் கட்டிக் குடுத்த பொண்ணு, எனக்கு மூணாம் நாளே தீட்டு கழிஞ்சுபோச்சு. உனக்கு வருசம் திரும்பணும்."

"அக்கா..."

"ஜோடனைன்னா நான் இங்க நிக்கலாம். கல்யாண வீடுன்னா நீ இங்க நிக்கக் கூடாது. எதுன்னு நீயே சொல்லு, எதுன்னாலும் நான் இங்கதான். ஜனங்க ஒரு மாதிரி நினைக்கும்டா. நீயே யோசிச்சுப் பாரு."

அவன் பந்தக்காலைப் பார்த்தான். கழுத்து மாலையோடு ஒரு ஜோடியும் அவர்கள் பின்னால் ஒரு கூட்டமும் சந்துக்குள் திரும்புவது தெரிந்தது. கை தானாகத் தலையைத் தடவிற்று. கூடம் வழியாகப் போக அவனுக்கே கூச்சமாகிவிட்டது போலிருக்கிறது. சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கமாக நடந்தான்.

ஜோடிக்கு முன்னால் ஒரு பஸ் கண்டக்டர் வந்துவிட்டார், தினமும் வருகிற ஆள். கிண்ணத்தில் விரலைத் தொட்டுப் புறங்கையில் தடவிக்கொண்டே, "இன்னைக்குப் பாயசம் உண்டா?" என்றார். அவள் நெற்றியை அவர் பார்க்கவே இல்லை. பின்னால் வந்த கல்யாணப் பெண்ணும் சந்தனம் எடுத்துக்கொண்டு சிரித்தது. பெண்ணின் அத்தையோ யாரோ ஒருத்தி மட்டும் கொஞ்சம் தயங்கினாள். சாம்பார் வாசனை வரவே அவளும் விரலை நீட்டிவிட்டாள்.

இவ்வளவுதானா? ரேணுகாம்பாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. பழைய கோபமே புதிதாகப் பொங்கிற்று. இந்த ஒரு சிட்டிகை சந்தனத்துக்காகவா தன்னைச் சுவருக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்?

திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். விதானமும் தூணும் கிளியும் பானையும் வாசலிலிருந்து பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கோடியில், ஜாலியின் ஓட்டைகளுக்குப் பின்னால், ஒரு மொட்டைத் தலை நின்று கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தருமா, அங்க இன்னா வேடிக்கை?" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள். "பாயசம் அடி பிடிக்குது, கிண்டு."